மிச்சம் பிடிப்பது யாரிடமிருந்து?



சிங்காநல்லூர் டீக்கடையிலே பேச்சு. கணபதிப் பட்டறை வாசலிலே பேச்சு. சோமனூர்த் தறிக்குடோனிலே, பாவு மாற்றும் இடைவெளியிலே அதே பேச்சு. "கேபிளை நிறுத்திப் போட்டேனுங்க. மாசம் 250 ரூவா மிச்சம்! எல்லாந்தான் போன்லயே வருதே, அப்புறம் எதுக்குங்க அந்தத் தண்டச் செலவு?" என்கிறார் ஒருவர். சுற்றி நிற்போர் தலை அசைக்கின்றனர். கணக்குப் போட்டுப் பார்க்கின்றனர். மாதம் 250, ஆண்டுக்கு 3,000. ஆகா, மகன் பள்ளிக்கூடச் செருப்புக்கும் பைக்கும் ஆயிற்றே, தீபாவளித் துணியில் பாதிக்கு ஆயிற்றே என்று மனம் குளிர்கிறது. அடுத்த மாதம் அவர்கள் வீட்டிலும் பெட்டி கழற்றப்படுகிறது.

சிக்கனத்தைப் பழித்திட நான் வரவில்லை. பழிக்கும் உரிமையும் நமக்கு இல்லை. ஈரோட்டுப் பெரியார் சிக்கனத்துக்கே இலக்கணமாக வாழ்ந்தவர். கல்யாணத்தைக் கடன் திருவிழா ஆக்காதே என்று ஊர் ஊராய்ச் சொன்ன இயக்கம் நம்முடையது. மாலை மாற்றி, உறுதிமொழி கூறி, ஒருவேளை உணவோடு மணம் முடித்துக் காட்டியவர்கள் நம் தோழர்கள். அந்தச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தின் ஏற்பு 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது கிடைத்தது. ஆகவே, உழைத்த காசு ஒன்றுகூட வீணாகக் கூடாது என்பதிலே எனக்கும் உங்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ஆயினும் ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி. அந்த 250 ரூபாயை மிச்சம் பிடித்தாயே தோழா, யாரிடமிருந்து மிச்சம் பிடித்தாய்?

உன்னிடமிருந்தா? உன் சட்டைப் பையிலே போன் இருக்கிறது. ஷிப்டு முடிந்து வரும்போது, பேருந்திலே, படுக்கையிலே, பாட்டு, படம், கிரிக்கெட், அரசியல் சண்டை அனைத்தும் உள்ளங்கையில் ஓடுகின்றன. உனக்கு ஒன்றும் குறையவில்லை. குறைந்தது யாருக்கு? விடியுமுன் எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளை அனுப்பி, தார் சுற்றி, துணி துவைத்து, பிற்பகலிலே அரைமணி நேரம் கால் நீட்டி உட்காரும் உன் துணைவிக்கு. கண் பார்வை மங்கிப் போய், சின்னத் திரையில் எழுத்துத் தெரியாமல், பெரிய பெட்டியின் ஒலியைக் கேட்டுக்கொண்டே பொழுதை ஓட்டும் உன் தாய்க்கு. அவர்களிடம் இருப்பது, மகன் கழித்துப் போட்ட பழைய போன்; அதிலும் ரீசார்ஜ் இருக்கும், இல்லாமலும் இருக்கும்.

செல்போன் ஒருவனுக்கு உரிய பொருள். தொலைக்காட்சி குடும்பத்துக்கே பொதுவான பொருள். தனக்கு உரியதை வைத்துக்கொண்டு, பொதுவானதை வெட்டி எறிந்துவிட்டு, "நான் சிக்கனக்காரன்" என்று மார்தட்டுவது எந்த ஊர் நியாயம்?

அந்தக் கேபிள் ஒயர் ஏதோ ஆடம்பரத்துக்காக உன் வீட்டுக்குள் நுழைந்தது என்று எண்ணிவிடாதே. அதற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையிலே 1975 ஆகஸ்ட் 15இல் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. நம் கோவைப் பக்கம் அந்தப் படம் வந்து சேரவே பல ஆண்டுகள் ஆயின. வந்த பிறகும் யார் வீட்டில் வந்தது? பண்ணையார் வீட்டில், மில்காரர் வீட்டில், மாடி வீட்டில். உழைப்பாளியின் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்தார்கள். சில வீடுகளில் திண்ணை வரை அனுமதி. சில சாதிக்கு அந்தத் திண்ணையும் இல்லை. "போதும், போங்கடா" என்று பெட்டியை அணைத்த கைகளை, அப்போது சிறுவராக இருந்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

1993இல் சன் டிவி வந்தது. தெருத் தெருவாகக் கேபிள் ஓடிற்று. ஆயினும் ஏழை வீட்டில் பெட்டி ஏது? 2006இல் கலைஞர் ஆட்சியில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கும் திட்டம், அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று தொடங்கிற்று. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போயிற்று. மேதாவிகள் சிரித்தார்கள், சோம்பேறி ஆக்குகிறார்கள் என்றார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேர்தல் அறிக்கையில் தரும் அத்தகைய வாக்குறுதி, சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013இல் அந்த நீதிமன்றம் கூறிற்று. சிரித்தவர்களுக்கு ஒன்று புரியவில்லை. சன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளை, வீட்டுக்கு உள்ளே உட்கார்ந்தது. அதுதான் அந்தத் திட்டம்.

பெட்டி வந்தால் போதுமா, கேபிள் வேண்டாமா? 2007இல் அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. 2008இல் அமைந்த அதன் முதல் நிலையங்களுள் ஒன்று நம் கோவையிலே. இடையில் படுத்துப்போன அந்த நிறுவனத்தை, 2011 செப்டம்பரில், செல்வி ஜெயலலிதா ஆட்சி மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு மீண்டும் ஓட வைத்தது. இரு கழகங்களும் எத்தனையோ செய்திகளில் மோதிக்கொண்டன. ஆயினும் உழைப்பாளி வீட்டுக்கு மலிவாகப் படம் போகவேண்டும் என்பதிலே இரண்டும் ஒரே திசையில்தான் நடந்தன.

2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டிற்று. பணக்காரப் பிள்ளைக்கு மடிக்கணினியிலே பாடம். நம் பிள்ளைக்கு? 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கேபிள் வழியாக வீட்டுக்குள்ளே வாத்தியார் வந்து நின்றார். அந்த ஆண்டிலே கேபிள் இல்லாத வீட்டுப் பிள்ளை, பக்கத்து வீட்டுத் திண்ணையைத் தேடிற்று. ஆகவே, தண்டச் செலவு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடக்கூடியதா இது?

"அதெல்லாம் சரி, 70 ரூபாய்க் கேபிள் 250 ஆகிவிட்டதே, அதற்கு என்ன சொல்கிறாய்?" என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் யாரைக் கேட்க வேண்டும்? சீரியல் பார்க்கும் உன் மனைவியையா? இல்லை. அவள் ஏற்றிய விலை அல்ல அது.

டெல்லியிலே ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி செய்தது. 2019 பிப்ரவரி முதல் அது நடப்புக்கு வந்தது. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய். அதற்கு 18 விழுக்காடு வரி. ஆக 153 ரூபாய் 40 காசு. முதலில் 100 சேனல், 2020இலிருந்து 200 சேனல். இதற்கு மேலே கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. விரும்பும் சேனலை மட்டும் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் உரிமையை அந்த விதி உனக்குத் தந்தது. ஆனால் நடந்தது என்ன? சேனல் நிறுவனங்கள் வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "பேக்" என்று பெயரிட்டு, தனித்தனியாக எடுப்பதைவிட மூட்டையே மலிவு என்று காட்டி, தலையிலே ஏற்றின. கத்தரிக்காய் வாங்கப் போனவன் கூடையோடு பாகற்காயும் சுமந்து வந்த கதை! 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் என்ற உச்சவரம்பையும் ஆணையம் எடுத்துவிட்டது. அடிப்படைக் கட்டணத்தை விநியோகிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆயிற்று.

கணக்கை எடு, தோழா. உன் வீட்டில் இப்போது 250 ரூபாய். உன் தாயும் துணைவியும் உண்மையிலேயே பார்ப்பது இரண்டு கட்டணச் சேனல் என்று வைத்துக்கொள். ஒவ்வொன்றும் 19 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், வரியோடு 44 ரூபாய் 84 காசு. அடிப்படைக் கட்டணம் பழைய 130ஆகவே இருந்தால், மொத்தம் 198 ரூபாய் 24 காசு. யாருடைய பொழுதையும் பறிக்காமல், மாதம் 51 ரூபாய் 76 காசு, ஆண்டுக்கு 621 ரூபாய் மிச்சம். கட்டணச் சேனலே வேண்டாம் என்று வீட்டார் சொன்னால், ஆண்டுக்கு 1,159 ரூபாய் மிச்சம். பெட்டி அணையவில்லை, பேக் மட்டும் போயிற்று. உன் பகுதியில் அடிப்படைக் கட்டணம் இன்று எவ்வளவு என்று கேபிள்காரரைக் கேள். பட்டியலைக் கையில் வாங்கு. அது உன் உரிமை. கேபிள்காரரும் வெயிலில் ஏணி தூக்கிப் பிழைக்கும் உழைப்பாளிதான். அவர் சட்டையைப் பிடிக்காதே.

இப்போது மற்றொரு கணக்கு. யாரும் டீக்கடையிலே போடாத கணக்கு. உன் போன் ரீசார்ஜ் எத்தனை நாளைக்கு? 28 நாள். "மாதம்" என்று பெயர்; ஆனால் 28 நாள். ஆண்டுக்கு எத்தனை மாதம் என்று பள்ளிக்கூடத்திலே கேட்டால் 12 என்பான் பையன். போன் கம்பெனியைக் கேட்டால் 13 என்கிறது! 28ஐ 13ஆல் பெருக்கு, 364 வரும். ஆண்டில் 12 முறை கட்டுவதாக நீ நினைத்துக்கொண்டிருக்க, 13ஆம் முறை சத்தமில்லாமல் உன் பையில் கை வைக்கிறது. 28 நாளைக்கு 299 ரூபாய் என்றால், ஓர் ஆண்டில் ஒரு போனுக்கு 3,887 ரூபாய். வீட்டில் இரண்டு போன் என்றால் 7,774 ரூபாய். 2024 ஜூலையில் தனியார் போன் கம்பெனிகள் மூன்றும் சொல்லி வைத்தாற்போல் அடுத்தடுத்த நாளில் கட்டணத்தை உயர்த்தின. அப்போது எவனாவது, "போனை நிறுத்திப் போட்டேனுங்க" என்றானா? 3,000 ரூபாய்க் கேபிள் கண்ணை உறுத்துகிறது. 7,774 ரூபாய் போன் கண்ணில் படவே இல்லை. ஏன்? கேபிள் அவளுடையது, போன் நம்முடையது என்று நினைக்கிறோம், அதனால்தான்.

டாஸ்மாக் கணக்கை நான் எடுக்கவே இல்லை. எடுத்தால் சில தோழர்கள் இந்தத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். அவரவர் நெஞ்சே அந்தக் கணக்கை எழுதட்டும்.

போனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு வேண்டும், சம்பளக் குறுஞ்செய்திக்கு வேண்டும், பிள்ளையின் படிப்புக்கு வேண்டும். சொல்வது இவ்வளவே: தராசிலே ஒரு தட்டை மட்டும் வைத்து நிறுக்காதே.

1921ஆம் ஆண்டு. கள்ளுக்கடை மறியல் காலம். மதுவை ஒழிக்க வேண்டும் என்று பேச வந்த பெரியார் முதலில் என்ன செய்தார்? ஊரான் தோப்புக்குப் போகவில்லை. தம் தோப்பிலே நின்ற 500க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஆண்டாண்டாய்க் காய்த்து வருமானம் தந்த மரங்கள்! தம் மரத்தை வெட்டியபின்தான் அடுத்தவனுக்கு அறிவுரை. அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் வீட்டுக்குள் இருந்துகொண்டு அந்த முடிவுக்குத் தலையாட்டியவர்கள் அல்லர். ஈரோட்டிலே மறியலை முன்னின்று நடத்தியவர்கள். துறப்பது என்றால் இப்படி. தன்னுடையதைத் துறப்பது, வீட்டாரோடு கூடித் துறப்பது. மனைவியின் சீரியலை வெட்டிவிட்டுத் தன் ரீல்ஸைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனுக்கு அந்த வரலாறு சொந்தமாகாது.

"அந்தச் சீரியலில் என்ன இருக்கிறது? மாமியார் மருமகள் சண்டை, சாபம், சகுனம், பாம்பு பழிவாங்குவது. நல்லதுதானே, தொலையட்டுமே!" என்று பகுத்தறிவு பேசும் தோழர் ஒருவர் சொல்லக்கூடும். அந்த மூடத்தனம் எனக்கும் உடன்பாடு அல்ல. ஆனால் மூடத்தனத்தை வாதாடி விரட்டு. பெட்டியை இருட்டாக்கி விரட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் பார். "இந்தப் பெண் ஏன் எதிர்த்துப் பேசவில்லை?" என்று கேள். அவள் பதில் சொல்வாள். உன்னைவிடச் சூடாகவே சொல்வாள். அந்தப் பேச்சு நடந்தால் ஒரு சீரியல்கூடச் சீர்திருத்த மேடை ஆகும்.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே அடையாளம் காட்டியாக வேண்டும். உழைப்பாளி ஏழையாக இருப்பதற்குக் காரணம் அவன் டிவி பார்ப்பதுதான், டீ குடிப்பதுதான் என்று குளிர்சாதன அறையிலிருந்து போதிக்கும் கூட்டம். கோவை, திருப்பூர் மாவட்டங்களில், சோமனூர், பல்லடம் வட்டாரமெங்கும், 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. பேசி முடித்த கூலியை ஒழுங்காகத் தரவில்லை என்பதே வழக்கு. அந்த நாளில் இந்தப் போதகர்கள், "கூலியில் 250 கூட்டிக் கொடுங்கள்" என்று எவரிடமும் போய்ச் சொல்லவில்லை. "செலவில் 250 குறைத்துக்கொள்" என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்த பொருளாதாரம். வருவாயைப் பற்றி வாய் திறவாதவன் செலவைப் பற்றிப் பேசும்போது, காது கொடுக்காதே. சிக்கனம் என்பது கூலிக்கு மாற்று அல்ல. கிடைத்த கூலிக்குக் காவல்.

அப்படியானால் கேபிளை நிறுத்தவே கூடாதா? நிறுத்தலாம். தாராளமாக நிறுத்தலாம். வீட்டிலே உண்மையாகவே எவரும் பார்க்கவில்லை என்றால், பார்க்கிறவர்களே வேண்டாம் என்றால், இன்றே நிறுத்து. ஆனால் செய்ய வேண்டிய முறை ஒன்று உண்டு.

சம்பள நாளன்று இரவு, சாப்பாடு முடிந்ததும், ஒரு நோட்டை எடுத்துவைத்து எல்லோரும் உட்காருங்கள். உன் தாய், துணைவி, விவரம் தெரிந்த மகள், மகன் அனைவரும். செலவைப் படி. கேபிள், போன், கடை, வட்டி, புகையிலை, பாட்டில் எதையும் மறைக்காமல் படி. எதைக் குறைப்பது என்று அவளை முதலில் கேள். 2023 செப்டம்பர் 15இல் மாதம் 1,000 ரூபாய்த் திட்டம் தொடங்கியபோது, அதற்கு "உதவித் தொகை" என்று பெயரிடவில்லை. "மகளிர் உரிமைத் தொகை" என்றுதான் பெயர். அந்தப் பணத்தில் அவளே கேபிள் கட்டுகிறாள் என்றால், அதை வெட்ட நீ யார்? அவள் உன்னைக் கேட்காமல் உன் சிம்மை உடைத்துப் போட்டால் பொறுப்பாயா?

பேசி முடித்து, நிறுத்துவது என்று முடிவானால், அரசு கேபிள் தந்த செட்டாப் பாக்ஸைப் பரண்மேல் போடாதே. அது அரசின் சொத்து, திருப்பிக் கொடு. மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷன் டிஷ் உண்டே என்பார்கள். உண்டு; ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும். ஆனால் அதிலே இந்திச் சேனல்கள் அணிவகுத்து நிற்க, தமிழ்ச் சேனல்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. இலவசம் என்ற பெயரில் எந்த மொழி நம் கூடத்துக்குள் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கு.

அடுத்தது, மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது என்பது. மிச்சம் என்று சொல்லிவிட்டு அடுத்த ரீசார்ஜிலே, அடுத்த பாட்டிலிலே கரைத்துவிட்டால் அது மிச்சம் ஆகாது. அவளிடமிருந்து பிடுங்கி நீ செலவழித்தது ஆகும். அஞ்சலகத்துக்குப் போ. மாதம் 100 ரூபாய்க்கே தொடர் வைப்புக் கணக்கு உண்டு. ஐந்து ஆண்டுக் கணக்கு. அந்த 250 ரூபாயை அவள் பெயரிலே போடு. 60 மாதத்தில் வட்டி இல்லாமலே 15,000 ரூபாய். மகளின் கல்லூரி முதற்கட்டணத்துக்குக் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்காமல் இருக்க அந்தப் பணம் உதவும்.

பெட்டி மூடிய மாலைப்பொழுதை வெறுமையாக விட்டுவிடாதே. நம் இயக்கம் வளர்ந்தது டிவியால் அல்ல, படிப்பகத்தால். ஒரே ஒரு நாளேட்டை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டனர்; அவர்களே பின்னாளில் கூட்டம் நடத்தினர், சங்கம் கண்டனர். ஆனால் அந்தப் படிப்பகத்திலே ஒரு குறை இருந்தது: பெஞ்சு முழுவதும் ஆண்கள். விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றியது நம் மாகாணம். வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். நம் வரியில் நடக்கும் நூலகத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை துணைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு போ. அவர்கள் வாசிக்கட்டும்; அன்று பகல் சமையலை நீ பார்த்துக்கொள்.

பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டோம். 60 ஆண்டு கழித்து, 1989இல், அது தமிழ்நாட்டிலே சட்டம் ஆயிற்று. நிலத்திலே பங்கு உண்டு, வீட்டிலே பங்கு உண்டு என்று சட்டம் சொல்லியாயிற்று. ரிமோட்டிலே பங்கு உண்டா, மாதக் கணக்கு நோட்டிலே பங்கு உண்டா என்பதற்கு எந்தச் சட்டமன்றமும் சட்டம் செய்யாது. அதை நீதான் செய்ய வேண்டும். உன் வீட்டுக் கூடத்திலே செய்ய வேண்டும்.

கேபிள் இருக்கட்டும், போகட்டும். அது 250 ரூபாய்ச் செய்தி. அவளைக் கேட்டாயா என்பது மானத்தின் செய்தி. மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு வீட்டுக்கு வரும் தோழனே, கதவைத் திறந்ததும் முதலில் அவளைக் கேள். கேட்டபின் நிறுத்து!